ஆவியும் ஆச்சியும்: வியட்நாமியச் சிரிப்புப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போடுவது எப்படி

விழாக்களைச் சுற்றும் வியட்நாமியப் படம் என்றால் நம்மாட்கள் கொட்டாவி விடத் தயாராகித்தான் வருவார்கள். காரணம் இல்லாமலும் இல்லை. கான் விழாவில் முதல் படத்துக்குக் கொடுக்கிற கேமரா டி'ஓர் விருதை 1993இல் வாங்கிய டிரான் ஆன் ஹுங், 2023இல் வாங்கிய ஃபாம் தியென் ஆன் இரண்டு பேருமே ஆறஅமரப் படம் எடுக்கிறவர்கள். அப்படியிருக்க, பேயும் அடுப்படித் தெய்வமும் சண்டை பிடிக்கிற ஒரு புது இயக்குநரின் முதல் படம் கையில் கிடைத்தால் சனம் சிரிப்பதும் சிரிக்காததும் உங்கள் சப்டைட்டிலில்தான் இருக்கிறது. போன வருடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டு முற்றத்தில் பெட்ஷீட் கட்டிப் போட்ட படத்துக்கு நான் இந்த வேலையைச் செய்தேன். படத்தின் பெயரைக் கேட்காதீர்கள், ஸ்கிரீனர் (முன்கூட்டிப் பார்க்கத் தருகிற பிரதி) தந்தவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் அனுமதி. விழாவில் ஓடிக்கொண்டிருக்கிற படத்தின் இணைப்பு யாரோ ஒருவரிடம் இருக்கிறது என்பதற்காக வாங்கிப் போட்டுவிடாதீர்கள். இயக்குநருக்கோ விற்பனை முகவருக்கோ எழுதிக் கேளுங்கள், எத்தனை பேர் பார்ப்பார்கள், டிக்கட் உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து. சம்மதித்தால் ஆங்கில சப்டைட்டிலின் எஸ்ஆர்டி கோப்பையும் (வசனமும் அது வருகிற நேரமும் உள்ள கோப்பு) கேட்டு வாங்குங்கள், நேரக்கணக்குப் போடுகிற வேலை பாதி மிச்சம். கோப்பு எந்த வேகத்துக்குச் செய்யப்பட்டது என்றும் கேளுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேமில் 90 நிமிடம் ஓடும் படம், 25இல் 86 நிமிடம் 24 விநாடியில் முடிந்துவிடும். இது தெரியாமல் நான் ஒரு முறை அரைவாசிப் படம் செய்து முடித்த பிறகு பார்த்தால், பேய் அழும்போது கீழே கல்யாண வீட்டு வசனம் ஓடுகிறது. சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளையில் வேகத்தை மாற்றலாம்.

சரி, இனி உண்மையான வேலை. ஆங்கில சப்டைட்டிலை நம்பி நேரே தமிழில் எழுதத் தொடங்காதீர்கள். ஆங்கிலத்துக்கு எல்லாரும் ஒரே 'யூ'தான். வியட்நாமியரோ நம்மைப்போல முறை சொல்லிப் பேசுகிறவர்கள், சொல்லப்போனால் நம்மை விட ஒரு படி மேல், 'நான்', 'நீ' என்பதற்கே பெரும்பாலும் முறைப்பெயரைத்தான் வைக்கிறார்கள். 'ஆன்' என்றால் அண்ணன், 'எம்' என்றால் இளையவர். காதலர்களும் புருசன் பெண்சாதியும் இதே இரண்டு சொல்லில்தான் கொஞ்சுவார்கள். தகப்பனின் தம்பிக்கு, தகப்பனின் சகோதரிக்கு, தாயின் சகோதரனுக்கு, தாயின் தங்கைக்கு எல்லாம் தனித்தனிச் சொல் உண்டு, அதாவது ஆங்கிலம் 'அங்கிள், ஆன்ட்டி' என்று தொலைத்த சித்தப்பா, மாமி, மாமா, சின்னம்மா எல்லோரும் ஒலியில் அப்படியே இருக்கிறார்கள். அதனால் படத்தை ஒரு தரம் சப்டைட்டில் இல்லாமல், காதால் மட்டும் கேளுங்கள். ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து, யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று குறியுங்கள். (வயதான ஆண்களைக் கூப்பிடுகிற சொல் உதட்டை மூடி முடிவதால் நம் காதுக்கு 'ஓம்' என்றே கேட்கும். முதல் பத்து நிமிடம் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

நான் செய்த படத்தில் ஒரு சண்டைக் காட்சி. செத்துப்போன மனைவி ஆவியாகத் திரும்பி வந்து புருசனிடம் 'சாப்பிட்டீங்களோ' என்று கேட்கிறாள், பிறகு அவனுடைய புதுக் காதலியின் செருப்பை வாசலில் பார்க்கிறாள். அந்த இடத்தில் 'ஆன்–எம்' நின்றுவிடுகிறது, அந்நியரிடம் பேசுகிற சொல் வருகிறது, கடைசியில் புருசன் பெண்சாதிக்குள் கெட்ட கோபத்தில் மட்டும் வருகிற 'மாய்–தாவ்'. ஆங்கிலத்தில் மூன்றும் ஒன்றுதான், சனம் எதற்குச் சிரிக்கும்? யாழ்ப்பாணத் தமிழுக்கு இது கைவந்த கலை: 'இஞ்சாருங்கோ', அப்புறம் 'உமக்கு வெக்கமில்லையோ', கடைசியில் 'எடேய்'. மொத்தம் நான்கு சொல். முற்றத்தில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், ஆண்கள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்கள்.

சிலேடைதான் கழுத்தை அறுக்கும். வியட்நாமியத்தில் ஒரே அசையைச் சுரம் மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும்: 'மா' ஒரு சுரத்தில் பேய், இன்னொன்றில் தென்பகுதியார் அம்மாவைக் கூப்பிடுகிற சொல், வேறொன்றில் நெல் நாற்று. மகன் 'அம்மா' என்று கத்த, பக்கத்து வீட்டார் 'பேய்' என்று கேட்டு ஓடுகிறார்கள். அதை விளக்கக் குறிப்புப் போட்டால் சிரிப்புச் செத்துவிடும். இரண்டு நாள் மண்டையை உடைத்து, 'ஆச்சி வந்திட்டா!' என்று மகன் சொல்ல 'ஆவி வந்திட்டுதோ?' என்று அயலவர் கேட்பதாக மாற்றினேன். அம்மா கிழவியாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

அதற்காக எல்லாவற்றையும் நம்மூர் ஆக்கிவிடாதீர்கள். அடுப்படித் தெய்வங்கள் மூவர், இரண்டு ஆணும் ஒரு பெண்ணும், சந்திர ஆண்டின் 12ஆம் மாதம் 23ஆம் நாள் கெண்டை மீனில் ஏறி வானுலகப் பேரரசரிடம் வீட்டுப் புகார் சொல்லப் போவார்கள். பேரரசரை இந்திரன் ஆக்கினால் அந்த மீனை எங்கே கொண்டுபோய் விடுவது? நான் வானுலகத்தார் பேச்சைக் கச்சேரித் தமிழில், அதாவது அரசாங்க அலுவலகத் தமிழில் எழுதினேன்: 'தங்கள் முறைப்பாடு பரிசீலனையில் உள்ளது.' செத்தவர்களுக்குக் கடதாசியில் வீடும் மோட்டார் சைக்கிளும் செய்து எரிக்கிற காட்சிக்கு ஒரு சொல்லும் விளக்கமாகப் போடவில்லை. செத்தவருக்குப் படைக்கிற எட்டுச்செலவில் அப்புவுக்குப் பிடித்த சாராயத்தையும் சுருட்டையும் படைத்த சனத்துக்கு அது தெரியாதா என்ன.

ஒரு திரைக்கு இரண்டு வரி, ஏழு விநாடிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம், ஆகவே வெட்டுங்கள். பகிடியின் கடைசிச் சொல்லை நடிகர் வாய் திறக்கும்முன் காட்டாதீர்கள், அடுத்த துண்டுக்குத் தள்ளுங்கள். தட்டச்சு யுனிகோடில்தான், கோப்பைச் சேமிப்பதும் யூடிஎஃப்-8இல். பாமினி என்ற பழைய, யுனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்துத் தந்த நண்பரின் கோப்பைத் திறந்தபோது வரி முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் வந்தன, அதை மாற்றி எடுக்க ஒரு இரவு போனது.

கடைசியாக, காட்சிக்கு முதல்நாளே கதிரைகளைப் போட்டு, பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். நம்மூர் மண்டபங்களில் நிலம் மட்டம், முன்னாலிருப்பவரின் தலை சரியாக இரண்டாவது வரியை மறைக்கும். நான் பெட்ஷீட்டை இரண்டு அடி உயர்த்திக் கட்டினேன், அதற்கு முருங்கை மரத்தில் ஒரு கொப்பு வெட்ட வேண்டியிருந்தது.