பழைய லேப்டாப்பை விற்கும் முன்: டி டிரைவை மறந்துவிடாதீர்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப்பைத் தள்ளிவிடப் போகிறவர்கள் பலரும் ரீசெட் செய்துவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் பொத்தானை அமுக்கி அப்படியே விட்டால் விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் மட்டும்தான் காலியாகும். ஆதார் ஸ்கேனும் கல்யாண போட்டோவும் கிடக்கும் டி டிரைவ் முழுசாகக் கடைக்காரர் கைக்குப் போகும்.

முதலில் பேக்கப். வேண்டியதை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். பிறகு அதைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து அழியலாம். டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) இருந்தால் லைசென்ஸை சரண்டர் செய்துவிடுங்கள்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி, ரீசெட் பிசி என்று போய் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ கொடுங்கள். அடுத்து ‘லோக்கல் ரீஇன்ஸ்டால்’ போதும். கிளவுட் டவுன்லோடு சுமார் 4 ஜிபி டேட்டாவைத் தின்னும். அதற்கடுத்த திரையில் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்று சின்னதாக இருக்கும். கண்ணில் படாமலே நெக்ஸ்ட் தட்டிவிடுவதுதான் வழக்கம். அதைத் திறந்து ‘கிளீன் டேட்டா’, ‘டெலீட் ஃபைல்ஸ் ஃப்ரம் ஆல் டிரைவ்ஸ்’ இரண்டையும் ஆன் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஃபைலை டெலீட் செய்தால் ‘இந்த இடம் காலி’ என்ற குறிப்புதான் மாறும். உள்ளே இருப்பது அங்கேயேதான் இருக்கும், இலவச ரெகவரி சாஃப்ட்வேரே எடுத்துக் கொடுத்துவிடும். கிளீன் டேட்டா அந்த இடத்தின் மேல் புதிதாக எழுதுகிறது. அதனால் மணிக்கணக்கில் ஓடும். சார்ஜர் செருகியே இருக்கட்டும். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால், நடுவில் கரண்ட் போனால் விண்டோஸே கிளம்பாமல் போகலாம்.

ரீசெட் பாதியில் நின்றுவிட்டதா? 8 ஜிபி பென்டிரைவில் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸை ஏற்றி, டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தி கம்ப்யூட்டரை அதிலிருந்து கிளப்புங்கள் (பூட்). முதல் திரையில் ஷிஃப்ட்+எஃப்10 அழுத்தினால் கறுப்பு விண்டோ வரும். அதில் diskpart, list disk, select disk (பக்கத்தில் டிஸ்க்கின் எண்), clean all என்று வரிசையாக டைப் செய்து ஒவ்வொன்றுக்கும் என்டர் தட்டுங்கள். செலக்ட் கொடுக்கும் முன் ஜிபி அளவை ஒருமுறை பாருங்கள், பென்டிரைவும் அதே பட்டியலில்தான் இருக்கும். அழித்து முடிந்ததும் கறுப்பு விண்டோவை மூடி, பென்டிரைவிலிருந்தே விண்டோஸை இன்ஸ்டால் செய்யுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி இருந்தால் இந்த கிளீன் ஆல் வழி வேண்டாம். பயாஸில் (விண்டோஸ் கிளம்பும் முன் வரும் செட்டிங்ஸ் திரை) முழுசாக அழிக்கும் ‘செக்யூர் எரேஸ்’ இருந்தால் அதுவே சரி.

நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரை வந்ததும் அங்கேயே ஆஃப் செய்யுங்கள், மீதியை வாங்குபவர் பார்த்துக்கொள்வார். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டிலிருந்து அந்த மெஷினையும், போனில் வாட்ஸ்அப் ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரையும் நீக்குங்கள். பயாஸ் பாஸ்வேர்டு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் கடையில் விலையை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவார்கள்.