தெருவில் வசூல் செய்து பார்வையற்றோர் விடுதிக்குக் கொடுப்பது எப்படி? (இரண்டு முறை சொதப்பியவனின் செய்முறை)

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு விடுதி இருக்கிறது. கல்லூரியில் படிப்பவர்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் என்று பார்வையற்ற இளைஞர்கள் பதினெட்டுப் பேர். சின்ன அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. பெயரைப் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். பெயர் வெளியே வந்தால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யாராவது கேக்கோடு வந்து நிற்கிறார்களாம்.

போன வருடம் இவர்களுக்காகத் தெருவில் வசூல் செய்தேன், சொதப்பினேன். இந்த வருடம் மறுபடி செய்தேன், பாதிதான் சொதப்பினேன். "எங்க ஏரியாவுலயும் செய்யணும், எப்படி ஆரம்பிக்கிறது?" என்று நாலைந்து பேர் கேட்டதால் இந்தப் பதிவு. வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பது, வீடு வீடாகப் போய் மணியடிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. வாங்குவதற்கு முன் கேளுங்கள்

பதினெட்டு வெள்ளைக் கம்பு வாங்கித் தருவது என்று நானே முடிவு செய்துகொண்டு போனேன். விடுதிக் காப்பாளர் அண்ணனுக்கும் பார்வை கிடையாது. முழுவதும் கேட்டுவிட்டுத் தன் மடக்குக் கம்பை உதறி நீட்டினார், அடி முனையைக் கழற்றி என் கையில் வைத்தார். வெள்ளை நைலான் முனை. ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்து, கரும்பலகையில் எழுதித் தீர்ந்த சாக்பீஸ் மாதிரி இருந்தது.

"கம்பு இருக்குது தம்பி. கவர்மெண்ட்லயே குடுக்கறாங்க. இந்த முனைதான் நம்மூரு சிமெண்ட் ரோட்டுல நிக்க மாட்டேங்குது. அது மட்டும் தனியா கிடைச்சா வாங்கிக் குடு."

அவர் சொன்ன பட்டியலில் நான் நினைத்துப் போன எதுவும் இல்லை. முனைகள், ஹெட்போன், யூபிஎஸ் பேட்டரி, பழைய லேப்டாப் இரண்டு. அப்புறம் பணமே தேவைப்படாத ஒன்று: தேர்வு நாளில் உடன் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள். இதற்கு இன்ன படிப்புக்கு மேல் படித்திருக்கக் கூடாது என்றெல்லாம் விதி உண்டு. அதனால் உங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளையும் கேட்டுப் பாருங்கள்.

பட்டியலில் சாப்பாடு இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பிறந்த நாள், திவசம், அமாவாசை என்று சாப்பாடு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரே நாளில் மூன்று வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் வந்த கதையும் உண்டு. அன்னதானம் தப்பே இல்லை, ஆனால் தேதியைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கையில் பட்டியல் கிடைத்ததும், அதில் எதெல்லாம் அரசிடமே இலவசம் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். ஊன்றுகோல், பிரெய்லி கைக்கடிகாரம் போன்றவற்றுக்கு அங்கே மனு கொடுத்தால் போதும், வசூல் வேண்டாம்.

இங்கே என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்குக் காசு செலவழிக்காதீர்கள். என்.வி.டி.ஏ. இலவசம். பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006இல் தொடங்கியது, தமிழும் வாசிக்கும். குரல் இயந்திரக் குரல்தான். ஆனால் விடுதிப் பையன்கள் அதை ஓட்டும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. குரல் இனிமையாக இல்லையே என்று வருத்தப்பட்டவன் அங்கே நான் ஒருவன்தான்.

"ஸ்மார்ட் கேன் வாங்கலாமே?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். டெல்லி ஐஐடியில் உருவானது, 2014இல் வெளிவந்தது. சாதாரணக் கம்பின் கைப்பிடியில் பொருந்தும். முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் போர்டு, மரக்கிளை போன்றவற்றை மீயொலி மூலம் கண்டு, அதிர்வால் எச்சரிக்கும். நல்ல பொருள்தான். ஆனாலும் மொத்தமாக வாங்கிக் குவிக்காமல், யார் பயன்படுத்தப் போகிறாரோ அவரிடம் கேளுங்கள். இங்கே மூன்று பேர் பிடித்துப் பார்த்தார்கள், ஒருவர்தான் வேண்டும் என்றார்.

2. காகிதம்

அறக்கட்டளைப் பத்திரம், அறக்கட்டளையின் பான், 12ஏ (அறக்கட்டளைக்கு வருமான வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிக் கழிவு தரும் உத்தரவு). நான்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நல்லபடியாக நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. 80ஜி உத்தரவில் எதுவரை செல்லும் என்ற தேதியைப் பார்க்க மறக்காதீர்கள்.

3. பணம் உங்கள் கணக்குக்கு வரவே கூடாது

போன வருடச் சொதப்பல் இதுதான். வசதியாக இருக்கிறதே என்று என் சொந்த ஜிபே எண்ணைக் கொடுத்துவிட்டேன். நாற்பத்து மூன்று பேர் அனுப்பினார்கள். எது வசூல் பணம், எது மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்று என்று பிரிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பிறகு மொத்தமாக அறக்கட்டளைக்கு மாற்றினேன். ரசீது வந்தது. ஒரே ரசீது, என் பெயரில்.

எதிர்வீட்டு சார் 80ஜி ரசீது கேட்டபோதுதான் உறைத்தது. யார் கணக்கிலிருந்து பணம் வந்ததோ அவர்தான் நன்கொடையாளர். ஆண்டு முடிந்ததும் அறக்கட்டளை, நன்கொடையாளர் பட்டியலை பான் எண்ணோடு வருமான வரித்துறையில் ஏற்றுகிறது. வரிச் சான்றிதழ் அதிலிருந்துதான் வரும். ஊரார் பணத்துக்கு நான் வள்ளலாகிவிட்டேன், எதிர்வீட்டு சாருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆகவே அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு உரிய கியூஆர் மட்டும்தான். அதற்கு முதலில் நீங்களே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். திரையில் அறக்கட்டளையின் பெயர் வர வேண்டும். பொருளாளரின் சொந்தப் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பேசுங்கள். பணம் அனுப்பியவரிடம் பரிவர்த்தனை எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீது வேண்டும் என்பவரிடம் மட்டும் முழுப் பெயர், முகவரி, பான் கேளுங்கள்.

80ஜி பற்றித் தெருவில் வரும் கேள்விகளுக்குச் சுருக்கமாக: ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடைக்காது. அரிசி, கம்ப்யூட்டர் என்று பொருளாகக் கொடுத்தாலும் கிடைக்காது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. இதைக் கேட்டதும் தொகையைக் குறைத்துக்கொண்டவர் எங்கள் தெருவில் ஒரே ஒருவர். யாரென்று சொல்ல மாட்டேன்.

(பின்சேர்க்கை: சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் தானும் அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், பிறந்தது செவ்வாய்ப்பேட்டையாகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத அறக்கட்டளை அதை வாங்கவே கூடாது, ரூபாயில் கொடுத்தாலும் சரி. சொந்தக்காரர்தானே என்று வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.)

4. நோட்டீஸ்: நான் விழுந்த குழி

பாதிச் சொதப்பல் என்றேனே, அது இங்கேதான். நோட்டீஸை டிடிபி கடையில் கொடுத்து அழகாக அடித்து, படமாக்கி, தெருக் குழுவில் போட்டேன். மறுநாள் ஒரு போன். வங்கியில் வேலை பார்க்கிறவர், அவருக்கும் பார்வை இல்லை. "ஏதோ விடுதிக்கு வசூல்னு எல்லாரும் பேசிக்கறாங்க. என் போன்ல படம்னு மட்டும்தான் சொல்லுது. நானும் ஐந்நூறு ரூபா போடலாம்னு இருந்தேன், எங்க போடறதுங்க?"

பார்வையற்றோருக்காகக் கேட்கிறோம். கொடுக்கிறவரும் பார்வையற்றவராக இருக்கலாம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

சரி, எழுத்தாகவே அனுப்பிவிடலாம் என்று கடையிலிருந்து வேர்டு கோப்பை வாங்கிக் காப்பாளர் அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் தன் கம்ப்யூட்டரில் திறந்து, ஸ்பீக்கரில் போட்டு, என்னையே கேட்கச் சொன்னார். ஏதோ உளறியது. ஒரு சொல்லில் நிறுத்தி அம்புக்குறியை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். "ஜே. கே. பி. ஓ. செமி."

அது "தமிழ்" என்ற சொல். கடைக்காரர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் வேஷம் போட்டிருக்கும். கண்ணுக்குத் தமிழ், வாசிக்கும் மென்பொருளுக்கு ஜேகேபிஓ. பிரெய்லிக்கு மாற்றினாலும் இதே குப்பைதான் வரும்.

கண்டுபிடிக்க எளிய வழி: கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே விழுந்தால் யூனிகோடு, அதாவது உள்ளேயும் தமிழ் எழுத்துதான். ஆங்கிலக் கந்தரகோளமாக விழுந்தால் மாற்ற வேண்டும். நான் என்.எச்.எம். கன்வர்ட்டர் பயன்படுத்துகிறேன். மாற்றும்போது மூல எழுத்துருவைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாமினிக்குப் பதில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் வேறொரு கந்தரகோளம் கிடைக்கும். ஒரே பக்கம் என்றால் போனில் நீங்களே மறுபடி தட்டச்சு செய்துவிடுவது மேல்.

இப்போது நான் செய்வது: படம் போடுவேன், அதன் கீழேயே முழு விவரமும் எழுத்தில். கியூஆருக்குப் பக்கத்தில் யுபிஐ முகவரியும் எழுத்தில். ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியதும் படம்தான், அதுவும் உதவாது.

அனுப்பும் முன் உங்கள் போனிலேயே டாக்பேக்கை (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி) போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதியில் இருக்கும். எச்சரிக்கை: போடுவதற்கு முன் அணைக்கும் வழியைப் படித்துக்கொள்ளுங்கள். அது ஓடும்போது ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும், நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இது தெரியாமல் ஐந்து ரோட்டில் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போட்டுவிட்டேன். என் மனைவி அனுப்பிய மளிகைப் பட்டியல் பஸ் முழுக்கக் கேட்டது.

5. எப்போது, எப்படிக் கேட்பது

சேலத்துக்காரர்களுக்கு ஒரே அறிவுரை: ஆடியில் கேட்காதீர்கள். கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரில் இருக்கும் மாரியம்மன் கோயில் அத்தனையிலும் பண்டிகை. ஒவ்வொரு தெருவிலும் ஏற்கெனவே ஒரு ரசீதுப் புத்தகம் சுற்றிக்கொண்டிருக்கும். குகைப் பகுதியின் வண்டி வேடிக்கை (அலங்கார வண்டி ஊர்வலம்) எல்லாம் முடிந்து, ஊர் ஓய்ந்து, புரட்டாசிக் கடைசி வரட்டும். அக்டோபர் 15 வெள்ளைக் கம்பு நாள். பேச்சைத் தொடங்க அதுவே நல்ல சாக்கு.

பையன்களின் படத்தைப் போட்டு உருக்கமாக எழுதாதீர்கள். "முனைக்கு இவ்வளவு, பேட்டரிக்கு இவ்வளவு" என்று எழுதிய செய்திக்குத்தான் எங்கள் தெருவில் சீக்கிரம் பணம் வந்தது.

பணம் கேட்கக் கூச்சமா? தட்டுவடை செட் போடுங்கள். தெருமுனையில் ஒரு மேசை, இரண்டு சட்னி, பீட்ரூட், கேரட், வெங்காயம் துருவல். தட்டுவடையை மட்டும் கடையிலிருந்து மொத்தமாக வாங்கிவிடுங்கள், வீட்டில் சுட்டு முறுமுறுப்பு வரவைப்பது நம்மால் ஆகாது. துருவலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துருவுங்கள். முதல் நாள் அரை வாளி பீட்ரூட் வீணாயிற்று.

(இன்னொரு பின்சேர்க்கை: ஏற்காட்டிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். எஸ்டேட் பக்கம் மழை நாளில் சிக்னல் போய்விடும், யுபிஐ நட்டாற்றில் விட்டுவிடுகிறதாம். அங்கே அறக்கட்டளையின் எண்ணிட்ட ரசீதுப் புத்தகத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, ரொக்கமாக வசூலித்து, மறுநாளே அவர்கள் கணக்கில் கட்டிவிடுங்கள். காபித்தூள் பொட்டலம் போட்டு விற்கலாம் என்கிறார். எனக்கு இரண்டு கிலோ எடுத்து வையுங்கள்.)

6. கணக்கு

எக்செல் போதும். கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள், வாசிக்கும் மென்பொருள் அதில் தடுமாறும். "பச்சை என்றால் கொடுத்துவிட்டார், மஞ்சள் என்றால் சொல்லியிருக்கிறார்" என்று நிறத்தில் குறித்து வைத்திருந்தேன். காப்பாளர் அண்ணனுக்கு எல்லா வரியும் ஒன்றுபோலவே கேட்டன. நிறத்தை எடுத்துவிட்டு "வந்தது", "வரவில்லை" என்று தனி நெடுவரிசை போட்டேன். வாங்கிய பொருள்களின் பில்லையும் படமாக மட்டும் வைக்காமல் கடை, தேதி, தொகை மூன்றையும் தட்டச்சு செய்தேன்.

கோப்பை அனுப்பிய அன்று மாலை விடுதிக்குப் போயிருந்தேன். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, என்னோடு பேசியபடியே கீழ்நோக்கி அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போனார். திடீரென்று விரல் நின்றது.

"தம்பி, முப்பத்தொண்ணாவது வரி. கூரியருக்கு நூத்திருபதுன்னு போட்டிருக்கே. பில்லுல எண்பதுதான் வருது."

பையிலிருந்து பில்லை எடுத்துப் பார்த்தேன். எண்பதுதான்.