முஷாரஃபை ஒரே தாளில் படிப்பது எப்படி?

முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு கோவில்பட்டியில் வீட்டுத் திண்ணையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஏழெட்டுப் பேருக்குச் சாயங்காலம் சொல்லித்தருகிறேன். போன மாதம் ஒரு பெண், பாகிஸ்தானை ஆண்ட ராணுவத் தளபதி முஷாரஃபைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள்: "முஷாரஃப் ராணுவப் புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்தார், மக்கள் எதிர்ப்பால் விழுந்தார்." தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் பெயரை அடித்துவிட்டு, அவருக்கு முன்பே அங்கே ஆட்சியைப் பிடித்த இன்னொரு தளபதி அயூப் கான் என்று போட்டாலும் அந்த வரி அப்படியே நிற்கும். அப்படி எழுதினால் மதிப்பெண் எங்கிருந்து வரும்? அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறைதான் இது.

பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கவைத்து நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, நடந்தது, அன்றைக்கு அவருடைய பதவி, கையெழுத்துப் போட்டது யார். நான்காவது கட்டம்தான் உயிர். கீழே நாலு விரல் இடம் விடுங்கள்; ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1943, டெல்லி, தரியாகஞ்ச் என்று பிறப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நடுவில், 1999 அக்டோபர் 12-இல் பேனாவை வையுங்கள். எனக்கு அந்த ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் வாஜ்பாய் பதவியேற்பு. அந்தச் செய்திக்காக ரேடியோவைத் திருப்பினால் பாகிஸ்தான் வருகிறது.

அன்றைக்கு ராணுவத் தளபதி முஷாரஃப் இருந்தது கொழும்பில். இலங்கை ராணுவத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தார். சாதாரணப் பயணிகள் விமானத்தில் கராச்சி திரும்புகிறார். அவர் ஆகாயத்தில் இருக்கும்போதே பிரதமர் நவாஸ் ஷெரீப் அவரை நீக்கிவிட்டு, உளவுத்துறைத் தலைவர் ஜியாவுத்தீன் பட் என்பவரைத் தளபதியாக்குகிறார். விமானம் இறங்கக் கூடாது என்று உத்தரவு, எரிபொருளோ தீர்ந்துகொண்டிருக்கிறது. கீழே ராணுவம் விமான நிலையத்தைப் பிடிக்கிறது, விமானம் இறங்குகிறது. ஷெரீப் மேல் விமானக் கடத்தல் வழக்கு! போகிற விமானத்தைத் தரையிலிருந்தே கடத்திய குற்றம். ஆயுள் தண்டனை, பிறகு சவூதிக்கு நாடுகடத்தல்.

கவனியுங்கள், புரட்சி நடந்தபோது அதைச் செய்தவர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். செய்தது அவருக்குக் கீழே இருந்த தளபதிகள். "துப்பாக்கியுடன் வந்தார்" என்று எழுதினால் நான் அடித்துவிடுவேன்.

இப்போது ஒரு வருடம் பின்னே போங்கள். 1998 அக்டோபர், தளபதியாக நியமனம். கையெழுத்து? அதே நவாஸ் ஷெரீப். மூத்தவர்களைத் தாண்டி இவரை எடுத்தார். பிரிவினையில் டெல்லியிலிருந்து போன குடும்பம், பஞ்சாபில் வேர் இல்லாதவர், அதனால் அடங்கி இருப்பார் என்ற கணக்கு என்பார்கள். இந்த இடத்தில் தாளின் ஓரத்தில் சின்னதாக இன்னும் மூன்று வரி எழுதச் சொல்வேன். அதிபர் இஸ்கந்தர் மிர்சா 1958 அக்டோபர் 7-இல் அயூப் கானை ராணுவச் சட்ட நிர்வாகியாக்கினார். இருபதே நாளில் அயூப் அவரை வெளியே அனுப்பினார். அயூப் தளபதியாக்கிய யாஹ்யா கானிடமே 1969-இல் அயூப் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போனார். மூத்தவர்களைத் தாண்டி பிரதமர் புட்டோ தளபதியாக்கிய ஜியா, 1977-இல் புட்டோவைக் கவிழ்த்தார், 1979-இல் தூக்கு. வரிசையாகப் பார்த்ததும் பிள்ளைகள் தாங்களாகவே சிரிப்பார்கள்.

மூன்றாவது கட்டத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். 1999-இல் முஷாரஃப் அதிபர் இல்லை. 'தலைமை நிர்வாகி' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டார். அதிபராக ரஃபீக் தரார் அப்படியே உட்கார்ந்திருந்தார். 2001 ஜூன் 20-இல்தான், வாஜ்பாயுடன் நடந்த ஆக்ரா பேச்சுக்கு மூன்று வாரம் முன்னால், முஷாரஃப் அதிபர் நாற்காலிக்கு வந்தார். 2002 ஏப்ரலில் வாக்கெடுப்பு. 97 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். அந்த எண்ணைப் பென்சிலில் எழுதுங்கள், போதும். அமெரிக்காவோடு சேர்ந்தது, 2003 டிசம்பரில் ராவல்பிண்டியில் பதினோரு நாளுக்குள் இரண்டு கொலை முயற்சி, இவற்றுக்கு ஆளுக்கொரு வரி.

2000 மே 12-க்கு மட்டும் பெரிய கட்டம் வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் பன்னிரண்டு நீதிபதிகள், புரட்சி செல்லும் என்று தீர்ப்புச் சொல்லி மூன்று வருடம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே, ஜனவரியில், புதிதாக உறுதிமொழி எடுக்க மறுத்த நீதிபதிகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் இஃப்திகார் முகமது சௌத்ரி. பெயருக்குக் கீழே கோடு போடுங்கள். 2005-இல் அவரைத் தலைமை நீதிபதியாக நியமித்து முஷாரஃபே கையெழுத்திட்டார்.

இனி இறக்கம். 2007 மார்ச் 9. சீருடையோடு உட்கார்ந்து தலைமை நீதிபதியை அழைத்து, ராஜினாமா செய்யச் சொல்கிறார். அவர் மாட்டேன் என்கிறார். இடைநீக்கம். கறுப்புக் கோட்டுக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். ஜூலையில் சௌத்ரி மறுபடி நாற்காலியில். நவம்பர் 3-இல் முஷாரஃப் நெருக்கடி நிலை அறிவித்தார். நான்காவது கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? "அதிபர்" என்றால் தப்பு. ராணுவத் தளபதி என்ற பெயரில்தான் அந்த அறிவிப்பு வந்தது. அதிபருக்கு அரசியல் சட்டத்தை நிறுத்திவைக்க அதிகாரம் இல்லையே. நவம்பர் 28-இல் சீருடையைக் கழற்றி, தானே தேர்ந்தெடுத்த கயானியிடம் பொறுப்பைக் கொடுத்தார். 2008 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பதவிநீக்கத் தீர்மானத்துக்குத் தயாரானபோது கயானியின் ராணுவம் ஒதுங்கி நின்றது. 18-ஆம் தேதி தொலைக்காட்சியில் ராஜினாமா.

முன்னாள் பிரதமர் பேநசீர் புட்டோவின் கொலையால் முஷாரஃப் விழுந்தார் என்று எழுதுவோர் உண்டு. கொலை 2007 டிசம்பர் 27. தாளைப் பாருங்கள், சரிவு மார்ச்சிலேயே தொடங்கியாகிவிட்டது.

மீதி நாலு விரல் இடத்துக்கு வருவோம். 2019 டிசம்பர் 17-இல் தேசத்துரோக வழக்கில் தனி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. எதற்கு என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் 1999 என்பார்கள். இல்லை, 2007 நவம்பர் 3-க்கு. 1999-க்குத்தான் நீதிமன்றமே சீட்டுக் கொடுத்திருந்ததே! அடுத்த மாதமே லாகூர் உயர் நீதிமன்றம் அந்தத் தனி நீதிமன்றம் அமைத்ததே செல்லாது என்றது. 2023 பிப்ரவரி 5-இல் துபாயில் இறந்தார். உடல் கராச்சிக்கு வந்தது.

இங்கே கோடு போட்டு முடித்துவிடாதீர்கள், இன்னொரு வரி இருக்கிறது. 2024 ஜனவரி 10: மரண தண்டனை சரிதான் என்று உச்ச நீதிமன்றம். மூன்றாவது கட்டத்தில், பதவி என்ற இடத்தில், அந்தப் பெண் 'காலமானவர்' என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.