மலம்புழாவுக்கு ஒரு நாள், பூந்தொட்டிக்கு ஒரு வாரம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு மலம்புழா அணையையும் அதையொட்டிய தோட்டத்தையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டாலும் முதலில் வாயில் வரும் பெயர் அதுதான். போகிறோம், அணையின் மேல் நடக்கிறோம், யக்ஷி சிலையின் முன் நின்று படம் எடுக்கிறோம், கடலை கொறித்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், வீட்டில் செய்யப்போகும் ஒரு கைவேலையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் அதே தோட்டம் வேறு விதமாகக் கண்ணில் படும். பயணம் முடிந்த பிறகும் ஒரு வாரத்துக்கு மாலை நேரங்கள் இனிமையாகக் கழியும். அப்படி ஒரு பயணத்தை எப்படி அமைத்துக்கொள்வது, அதன் தொடர்ச்சியாக உடைந்த ஓடு, பீங்கான், வளையல் துண்டுகளைப் பதித்த பூந்தொட்டி ஒன்றை எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

இதற்கு மலம்புழாவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அங்குள்ள பாறைத் தோட்டம். சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்தும் குப்பை மேடுகளிலிருந்தும் பொறுக்கி வந்த பொருள்களைக் கொண்டு, 1957 முதல் அரசாங்கத்துக்குத் தெரியாமலே காட்டுப் பகுதியில் ஒரு தோட்டத்தை எழுப்பி வந்தார். 1975-இல் அது அதிகாரிகளின் கண்ணில் பட்டது. இடிபடாமல் தப்பி, 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவருடைய வடிவமைப்பில் உருவானதுதான் மலம்புழாவில் உள்ள பாறைத் தோட்டமும். உடைந்த வளையலும் ஓட்டுச் சில்லும் சுவராகவும் உருவமாகவும் மாறி நிற்பதை நேரில் பார்த்தவருக்கு, வீட்டுப் பரணில் கிடக்கும் விளிம்பு உடைந்த தட்டைத் தூக்கி எறிய மனம் வராது.

எப்போது போவது என்பதைப் பயணத்துக்காக மட்டும் தீர்மானிக்கக் கூடாது. கைவேலைக்கும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில் நாம் வசிக்கிறோம். மார்ச் முதல் மே வரை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு. முதியவர்களையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நடக்க அது ஏற்ற காலம் அன்று. ஜூனில் தொடங்கும் மழைக்காலத்தில் தோட்டம் பசுமையாக இருந்தாலும் கல் பாவிய பாதைகள் வழுக்கும், தட்டில் காயவைத்தவை எதுவும் காயாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கணவாயில் வீசும் கிழக்குக் காற்று, நடப்பதற்குச் சுகமாக இருந்தாலும், சிமெண்ட் பூச்சை வேகமாக உலர்த்தி வெடிக்கச் செய்துவிடும். ஆகவே அக்டோபர் பின்பாதியிலிருந்து நவம்பர் முடியும் வரை உள்ள நாள்களையே நான் பரிந்துரைப்பேன். கல்பாத்தித் தேர் நவம்பரில்தான் வருகிறது. தேர்க்கடைகளில் கண்ணாடி வளையல் விற்பவர்களிடம் உடைந்துபோனவற்றைக் கேட்டால், பெரும்பாலும் காசு வாங்காமலே ஒரு பொட்டலம் கட்டித் தந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையையும் ஓணம், பொங்கல் விடுமுறைகளையும் தவிர்த்துவிட்டால், எந்த உருவத்தின் முன்னும் யாரும் நகரச் சொல்லாமல் வேண்டிய நேரம் நின்று பார்க்கலாம்.

பாலக்காடு நகரத்திலிருந்து மலம்புழா ஏறத்தாழ 10 கிலோமீட்டர். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு வழியாக ரயிலிலும் வரலாம். ஆனால் அந்தப் பாதையில் வண்டிகள் குறைவு என்பதால் போகும் நேரத்தைவிடத் திரும்பும் நேரத்தை முதலில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பாலக்காட்டில் பேருந்து நிலையம் ஒன்றுக்கு மேல் உண்டு. எந்த நிலையத்தில் இறங்கினால் மலம்புழா வண்டி கிடைக்கும் என்று நடத்துநரிடமே கேட்டுக்கொள்வது நல்லது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுங்கள். புளிச்சாதமும் வறுத்த அப்பளமும் மதியம் வரை தாங்கும்.

தோட்டத்தில் எந்த வரிசையில் பார்ப்பது என்பதும் முக்கியம். வெயில் ஏறுவதற்குள், கண் களைப்படையாத காலை நேரத்திலேயே பாறைத் தோட்டத்தை முடித்துவிட வேண்டும். பூச்செடிகளும் அணையும் மாலைக்கு அழகு கூடும். அணைமேல் நடக்கும்போது கூட வந்த முதியவர்களைக் கொஞ்சம் பேசவிடலாம். 1955-இல் இந்த அணை திறக்கப்பட்டபோது பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. திறந்து வைத்தவர் அன்றைய முதலமைச்சர் காமராசர். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு அணை என்றால் அந்த நாளின் கதைதான் முதலில் நினைவுக்கு வரும்.

பாறைத் தோட்டத்தில் உருவங்களை எண்ணிக்கொண்டு நகராமல், ஏதாவது ஒரு சுவரை மட்டும் தேர்ந்தெடுத்துக் கால் மணி நேரமாவது நின்று பாருங்கள். தட்டையான இடத்தில் பெரிய துண்டுகளும், வளைவு வரும் இடத்தில் சிறு சில்லுகளும் பதிந்திருப்பதைக் கவனியுங்கள். வளைந்த பரப்பில் பெரிய துண்டை வைத்தால் அதன் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும் என்பதுதான் அதற்குக் காரணம். துண்டுக்கும் துண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள், அந்த இடைவெளியில் தெரியும் பூச்சு என்ன நிறம், ஒரே பரப்பில் எத்தனை நிறங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்பவற்றை ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எங்காவது துண்டு உதிர்ந்திருந்தால் அங்கே இன்னும் சற்று நேரம் நிற்கலாம். பூச்சில் துண்டின் அச்சு தெளிவாகப் பதிந்திருந்தால் துண்டு பூச்சைப் பற்றவில்லை என்று பொருள். பூச்சோடு பெயர்ந்திருந்தால் அடியில் உள்ள பரப்பு பூச்சைப் பற்றவில்லை என்று பொருள். தொட்டி செய்யும்போது இந்த இரண்டும் நமக்கு உதவும். படம் எடுப்பதானால் முழு உருவத்தோடு, ஒரு சாண் அளவுப் பகுதியை மட்டும் பக்கத்தில் கையை வைத்து நெருக்கமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அளவு புரிவதற்கு அந்தக் கைதான் சாட்சி.

தோட்டத்திலிருந்து ஒரு சில்லுகூட எடுத்து வரக் கூடாது. உதிர்ந்து கிடப்பதுதானே என்று தோன்றும். ஆளுக்கு ஒன்று எடுத்தால் சுவர் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாதையோரம் காற்றில் உதிர்ந்து கிடக்கும் காகிதப்பூக்களை மட்டும், தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பழைய நோட்டுக்குள் வைத்து எடுத்து வரலாம். காகிதப்பூவில் நிறமாகத் தெரிபவை இதழ்கள் அல்ல, பூவைச் சுற்றியுள்ள இலைகள். அவற்றில் ஈரம் குறைவாக இருப்பதால் செம்பருத்தியைப் போலக் கறுத்துப்போகாமல் நிறத்தோடு காயும். செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி, முதல் சில நாள்கள் தாளை மாற்றிவந்தால் இரண்டு வாரத்தில் வாழ்த்து அட்டையில் ஒட்டும் பக்குவம் வந்துவிடும். சிமெண்டில் கை வைக்க விடாத சிறு பிள்ளைகளுக்கு இது போதுமான வேலை.

இனித் தொட்டி. எட்டு அல்லது பத்து அங்குல வாய் உள்ள சாதாரண மண் தொட்டி போதும்; வேலைப்பாடு இல்லாததாக, பக்கங்கள் நேராகச் சரிபவையாக, அடியில் துளை உள்ளதாக இருக்க வேண்டும். துண்டுகளுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. தெருவில் வீடு கட்டும் இடம் ஒன்று எப்போதும் இருக்கும். “அண்ணா, வேஸ்ட் டைல்ஸ் இருந்தா எடுத்துக்கலாமா?” என்று கொத்தனாரிடம் கேட்டால், “சாக்கு கொண்டு வாங்கம்மா, அள்ளிட்டுப் போங்க” என்பதுதான் பதிலாக வரும். அப்படி அள்ளும்போது சுவரில் பதிக்கும் டைல்ஸையே தேர்ந்தெடுங்கள். தரையில் பதிக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் கனமானவை, வீட்டுச் சுத்தியலுக்கு மசியாதவை, அதோடு தண்ணீரை உறிஞ்சாதவை என்பதால் வெறும் சிமெண்டை எளிதில் பற்றாதவை.

உடைப்பதற்குமுன் கண்ணுக்குக் கண்ணாடியும் காலுக்குச் செருப்பும் கைக்கு உறையும் கட்டாயம். டைல்ஸையோ தட்டையோ கோணிப்பைக்குள் வைத்து மடித்து, தரையில் போட்டு, மேலே சுத்தியலால் அளவாகத் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் பொடியாகிவிடும். கட்டை விரல் நகத்தின் அளவிலிருந்து இரண்டு விரல் அகலம் வரையிலான துண்டுகள் இந்தத் தொட்டிக்குச் சரியானவை. தட்டின் அடிப்பாகத் துண்டுகளையும் விளிம்புத் துண்டுகளையும் தனித்தனியே வையுங்கள், ஏனென்றால் விளிம்புத் துண்டுகளின் வளைவு தொட்டியின் வளைவோடு ஒத்துப்போகும். வளையல் துண்டுகளை நிறம்வாரியாகப் பிரித்துத் தட்டுகளில் பரப்பிவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரிதான்.

ஒட்டத் தொடங்குமுன், தொட்டியின் சுற்றளவை நூலால் அளந்து அதே நீளத்துக்குச் செய்தித்தாளை விரித்து, துண்டுகளை அதன்மேல் அடுக்கிப் பாருங்கள். தோட்டத்தில் எழுதி வந்த குறிப்பு இங்கேதான் பயன்படும். மூன்று நிறங்களுக்கு மேல் சேர்த்தால் தொட்டி இரைச்சலாகத் தெரியும் என்பது என் கருத்து. வேறு நினைப்பவர்கள் உண்டு, அவர்கள் வீட்டுத் தொட்டி அவர்கள் இஷ்டம்.

ஹார்டுவேர் கடையில் டைல்ஸ் ஒட்டும் பவுடர் என்று கேட்டால் சிறு பொட்டலமாகவும் கிடைக்கும். அதை இட்லி மாவைவிடக் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு, ஒரு முறைக்கு அரை மணி நேரத்தில் தீர்க்கக்கூடிய அளவு மட்டும் கலக்க வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்கினால் பிடிப்பு போய்விடும். மண் தொட்டி கலவையிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அதன் வெளிப்பக்கத்தையும், சுவர் டைல்ஸ் துண்டுகளின் முதுகையும் முதலில் ஈரத்துணியால் நனைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் பார்த்த இரண்டு வகை உதிர்தலுக்கும் இந்த ஈரந்தான் தடுப்பு. தொட்டியைப் படுக்கவைத்து, உருளாமல் இருக்க மணல் நிரப்பிய துணிப்பையை இருபுறமும் அண்டை கொடுத்து, மேலே தெரியும் பக்கத்தை மட்டும் செய்ய வேண்டும். உள்ளங்கை அளவு இடத்தில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குக் கலவையைப் பூசி, பெரிய துண்டுகளை முதலிலும் சிறியவற்றை இடைகளிலும் அழுத்திப் பதியுங்கள். நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். வளையல் துண்டின் இரு முனைகளும் கலவைக்குள் புதைந்திருக்க வேண்டும். அதன் நடு வளைவு மட்டும் மேலே மினுங்கினால் போதும். தொட்டியின் வாய்விளிம்பில் கை அடிக்கடி படும் என்பதால் அங்கே துண்டு எதையும் பதிக்காமல் வெறுமனே விட்டுவிடுவது நல்லது. ஒரு பக்கம் இறுகிய பிறகே அடுத்த பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் நான்கு மாலைகளில் முடிந்துவிடும்.

கடைசித் துண்டு பதித்து ஒரு நாள் கழித்து இடைவெளிகளை நிரப்பலாம். வெள்ளை சிமெண்டோடு சலித்த நுண்மணலும், கறுப்பு அல்லது சிவப்பு ஆக்சைடு பொடியும் சேர்த்துக் குழைத்து, உறை போட்ட கையால் எல்லாப் பக்கமும் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெறும் வெள்ளை சிமெண்டு விரைவில் கீறல் விடும். அதோடு, வெள்ளைப் பின்னணியில் வெளிர் நிறத் துண்டுகள் மங்கிப்போகும். கறுத்த பூச்சில்தான் பச்சையும் மஞ்சளும் தனித்துத் தெரியும். கால் மணி நேரத்துக்குப் பிறகு பிழிந்த ஸ்பாஞ்சால் துண்டுகளின் முகத்தைத் துடைத்துவிடுங்கள். மறுநாள் தெரியும் வெண்படலத்தை உலர்ந்த துணி எடுத்துவிடும். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் சிமெண்டு அங்கே இறுகி அடைத்துக்கொள்ளும் என்பதால் வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கியதைத் தனியே கொட்ட வேண்டும். பிறகு மூன்று நாள் தொட்டியை ஈரக் கோணியால் சுற்றி நிழலில் வையுங்கள். கிழக்குக் காற்று முன்கூட்டியே வீசத் தொடங்கிவிட்ட ஆண்டுகளில் கோணியை நாளுக்கு மூன்று நான்கு முறை நனைக்க வேண்டியிருக்கும்.

செடியை நேரடியாக இந்தத் தொட்டியில் நடலாம் என்றாலும் நான் அதை விரும்புவதில்லை. மண்ணின் ஈரம் தொட்டிச் சுவர் வழியே கசிந்து, நாளடைவில் துண்டுகளை உள்ளிருந்தே தள்ளிவிடும். புதுச் சிமெண்டின் காரமும் வேருக்கு ஆகாது. செடியைத் துளையுள்ள சிறிய பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு, அதை இதற்குள் இறக்கிவைப்பதே எளிது. வெளிப்பக்கம் நிறைந்த வேலைப்பாடு இருப்பதால் பூத்துக் குலுங்கும் செடியைவிடச் சோற்றுக்கற்றாழை போன்ற ஒரே நிறச் செடிதான் இதற்குப் பொருந்தும். அடியில் மூன்று டைல்ஸ் துண்டுகளைக் கால் போல வைத்து அதன்மேல் தொட்டியை நிறுத்தினால் வடியும் தண்ணீர் தேங்காது. திண்ணையின் கிழக்கு ஓரத்தில் வைப்பதானால், காற்றுக் காலத்தில் சாயாமல் இருக்க இரண்டு தொட்டிகளுக்கும் இடைப்பட்ட இடத்தில் கூழாங்கற்களைப் போட்டு நிரப்பிவிடுங்கள்.