வில் நடுக்கம் போனது ஒரு ஜிக்கில்

கச்சேரியில் கற்பனாஸ்வரம், அதாவது அந்த நேரத்தில் தோன்றும் ஸ்வரங்களை, வாசிக்கும்போது வில் பிடித்த கை நடுங்கத் தொடங்கியது. ஆறே மாதத்தில் வாய்ப்புகள் குறைந்தன. வயலின் பெட்டியைத் திறக்கவே பிடிக்கவில்லை. அந்த நிலையில்தான் அயர்லாந்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். வயலினும் கூட வந்தது அம்மாவின் பிடிவாதத்தால்.

கிளேர் கவுண்டியில் மில்டவுன் மால்பே என்றொரு சிற்றூர். 1973 முதல் ஜூலை மாதத்தில் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி என்ற அயர்லாந்து மரபிசைப் பள்ளி நடக்கும் இடம். அந்த வாரம் பப்களில் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள். மேடை இல்லை, முன்னால் நோட்டு இல்லை. தெரியாத மெட்டு வந்தால் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதுதான் மரியாதை. இரண்டு நாள் கேட்டேன்.

அப்புறம் நான்கு தந்திகளின் ஸ-ப-ஸ-ப சுருதியைக் கலைத்து, அவர்களைப் போல ஜி-டி-ஏ-இ என்ற மேற்கத்திய ஸ்வரங்களுக்குச் சேர்த்தேன். சம்மணம் போட ஏது இடம்? நாற்காலியில் அமர்ந்து தோளில் வைத்ததும் இடது கை தடுமாறியது. பக்கத்திலிருந்த பெரியவர் ஜிக் என்னும் அயர்லாந்து நடன மெட்டு ஒன்றை மெதுவாக வாசித்துக் காட்டினார். இரண்டே பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை. மும்மூன்றாக ஓடும் அந்த நடை நம் திஸ்ரம்தானே! தகிட தகிட என்று மனதுக்குள் சொல்லியே பிடித்துவிட்டேன். பத்துப் பேர் ஒரே மெட்டை வாசிக்கும்போது என் வில்லை யார் பார்க்கப்போகிறார்கள்? மூன்றாம் சுற்றில்தான் கவனித்தேன், கை நடுங்கவில்லை.

இப்போது தினமும் முதல் அரைமணி நேரம் ஜிக், பிறகுதான் வர்ணம். டிசம்பரில் ஒரு சின்னக் கச்சேரி வாசித்தேன். நடுவில் லேசாக நடுக்கம் வந்தது. வில்லை நீளமாக இழுக்காமல் ஜிக் போலக் குறுக்கிச் சமாளித்தேன். குருவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.