தூரத்தைத் தின்னும் ஸ்லைடர்கள்: வன்னி நிலப்படங்களை எடிட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே இருக்கும் வன்னியில் மலை இல்லை. மலைநாட்டில் நின்று கமராவைத் தூக்கினால் ஒன்றன்பின் ஒன்றாக மலைத்தொடர்கள் தாமாகவே அடுக்கி நிற்கும், எடிட்டிங்கில் கொஞ்சம் சொதப்பினாலும் படம் தப்பிவிடும். இங்கே ஒரு வயல்வெளி, நாலு வரப்பு, ஒரு பனை வரிசை, அதற்குப் பின்னால் காட்டின் கோடு, மேலே ஊர்ப்பட்ட வானம், அவ்வளவுதான் கிடைக்கும். நேரில் பார்க்கும்போது முடிவே இல்லாமல் விரிந்து கிடக்கும் அந்த வெளி, போன் திரையில் தட்டையாகிவிடுகிறது. தட்டையாக இருக்கிறதே என்று கை தானாக ஸ்லைடர்களுக்குப் போகும், கான்ட்ராஸ்ட் ஏறும், நிறம் ஏறும், கூர்மை ஏறும், கடைசியில் படத்தில் மிச்சமிருந்த கொஞ்சத் தூரமும் காணாமல் போயிருக்கும்.

இதில் நடக்கும் தவறுகள் பல மாதிரித் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். படத்தில் இருக்கிற எல்லாமே ஒரே அளவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை.

தூரம் ஏன் தூரமாகத் தெரிகிறது என்று ஒருதரம் விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். நமக்கும் அந்தக் காட்டுக் கோட்டுக்கும் இடையில் இருக்கும் காற்று சும்மா இருப்பதில்லை. அதிலுள்ள மூலக்கூறுகளும் தூசியும் நீர்த்துளிகளும் வெயிலைச் சிதறடித்து, அதில் கொஞ்சத்தை நம் கண்ணுக்கும் அனுப்புகின்றன. ஆகவே தூரத்தில் இருக்கும் கரிய பொருளின்மீது ஒரு வெளிச்சப் படலம் விழுந்துவிடுகிறது, கறுப்பு சாம்பலாகிறது, தெளிந்த நாளில் லேசாக நீலமும் ஏறுகிறது. தூரம் கூடக் கூடக் கான்ட்ராஸ்ட் குறையும், நிறம் வெளிறும், இலை கிளை எல்லாம் ஒன்றாகக் கரையும். ஓவியர்களுக்கு இது பழைய சங்கதி. ஒரு கட்டடத்தை ஐந்து மடங்கு தூரத்தில் காட்ட விரும்பினால் அதை ஐந்து மடங்கு நீலமாகத் தீட்டு என்ற பொருளில் லியனார்டோ டா வின்சி எழுதி 500 வருடமாகிறது. மலை இல்லாத ஊரில் தூரத்தைக் காட்ட நமக்கு இருக்கும் பெரிய ஆயுதம் இந்தக் காற்றுதான், அதைத்தான் நாம் முதல் வேலையாகத் துடைத்து எறிகிறோம்.

துடைக்கும் கருவியின் பெயர் டீஹேஸ். 2015இல் லைட்ரூம் என்ற எடிட்டிங் செயலிக்கு வந்தது, இப்போது ஏறக்குறைய எல்லா எடிட்டிங் செயலியிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியப்புறம் இரணைமடுக் குளக்கட்டில் நின்று படம் எடுத்தவர்களுக்குத் தெரியும், தண்ணீருக்கு மேல் பனிப்புகார் இருக்கும், அதற்கு அந்தப் பக்கம் மரங்கள் இருக்கா இல்லையா என்ற அளவில் நிற்கும். அதுதான் படமே. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து டீஹேஸை +40க்குத் தள்ளினால் அக்கரை மரங்கள் இக்கரைக்கு நடந்து வந்துவிடும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் வேறு பிரச்சினை, அப்போது காற்றில் இருப்பது புழுதி, படம் மஞ்சளாக மங்கிக் கிடக்கும், அதற்குக் கொஞ்சம் டீஹேஸ் தேவைதான். ஆனால் அதையும் முழுப் படத்துக்கும் போடாதீர்கள். கீழே இருக்கும் முன்னிலத்துக்கும் நடு நிலத்துக்கும் மட்டும் போட்டு, தொடுவானத்தை ஒட்டிய பட்டையை அப்படியே விட்டுவிட்டால் புழுதியும் குறையும் தூரமும் நிற்கும். இன்னொன்று, டீஹேஸை மறுபக்கமும் இழுக்கலாம் என்பது பலர் கவனிக்காத விஷயம். தொடுவானப் பட்டைக்கு மட்டும் −5, −10 கொடுத்துப் பாருங்கள், காடு ஓரடி பின்னுக்குப் போகும்.

கிளாரிட்டி, ஸ்னாப்சீட் என்ற போன் செயலியில் ஸ்ட்ரக்சர், எச்டிஆர் ஸ்கேப், இவையெல்லாம் இதே குடும்பம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுபவை. வரப்பு மண், அலைகரைக் கல், பனையின் அடிமரம் மாதிரிப் பக்கத்தில் இருப்பவற்றுக்கு நன்றாக வேலை செய்யும். முழுப் படத்திலும் ஏற்றினால் முதலில் காட்டிக்கொடுப்பது பனைதான். வானத்துக்கு எதிரே விரிந்த ஓலைகளைச் சுற்றி ஒரு வெள்ளை விளிம்பு வந்துவிடும். அந்த விளிம்பு வந்துவிட்டால் மரம் வெட்டி ஒட்டிய மாதிரி நிற்கும், அதற்குப் பின்னால் எத்தனை மைல் இருந்தாலும் பயனில்லை. படத்தைப் பெரிதாக்கி ஓலை நுனியைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஸ்லைடரை விட வேண்டும்.

நிழலைத் தூக்குவது அடுத்த தவறு, இது கொஞ்சம் நுட்பமானது. இப்போதைய போன்கள் படம் எடுக்கும்போதே பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்து நிழல்களை வெளிச்சமாக்கித்தான் தருகின்றன. அதற்கு மேல் நீங்களும் ஷேடோஸை +60, +70க்கு ஏற்றினால் முன்னால் இருக்கும் வள்ளம், நடுவில் இருக்கும் தண்ணீர், பின்னால் இருக்கும் காடு மூன்றும் ஒரே சாம்பல் அளவுக்கு வந்துவிடும். முல்லைத்தீவுக் கடற்கரையில் காலை வெயிலுக்கு எதிரே எடுத்த வள்ளம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் என்ன குறை? அந்த இருட்டுத்தான் கண்ணை அதைத் தாண்டி வெளிச்சத்துக்குள் அனுப்புகிறது. நான் பிடித்துக்கொள்ளும் விதி இதுதான்: முழுக் கறுப்பு வேண்டுமானால் அது பக்கத்தில் மட்டும் இருக்கட்டும், தொடுவானத்தில் ஒரு புள்ளிகூடக் கருமையாக இருக்கக் கூடாது. முழுப் படத்துக்கும் எஸ் வளைவு (வெளிச்சத்தை ஏற்றி இருட்டை இறக்கும் கோடு) போட்டுக் கான்ட்ராஸ்ட் ஏற்றுபவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள், வளைவு முன்னால் இருக்கும் கல்லையும் பின்னால் இருக்கும் காட்டையும் ஒரே மாதிரிக் கறுப்பாக்கிவிடும்.

நிறத்துக்கு வருவோம். பின்னேர வெயில் என்றதும் வெப்பநிலை ஸ்லைடரை மஞ்சள் பக்கம் முழுக்கத் தள்ளிவிடுகிறோம், படம் முழுதும் தேனில் முக்கிய மாதிரி ஆகிவிடும். வெயில் படும் இடம் மஞ்சளாகவும் நிழலும் தூரமும் கொஞ்சம் குளிர்ந்தும் இருந்தால்தான் கண்ணுக்கு முன்னும் பின்னும் பிடிபடும். அதற்காகத் தூரத்தை எப்போதும் நீலமாக்க வேண்டும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், டா வின்சி சொன்னாலும் சரி. சூரியனுக்கு எதிரே நின்று அந்திநேரம் எடுத்த படத்தில் புகார் சூரியனின் நிறத்தைத்தான் வாங்கியிருக்கும், செம்மஞ்சளாக, முன்னிலத்தைவிட வெளிச்சமாக. அங்கே போய் நீலத்தைத் தடவினால் பொய் பளிச்சென்று தெரியும். எந்தப் பக்கம் வெயில் இருந்தது என்பதை நினைவில் வைத்து எடிட் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பச்சை தனிச் சோதனை. பெரும்போக நெல் நன்றாக வளர்ந்து நிற்கும் காலத்தில் பரந்தன் பக்கமோ முத்தையன்கட்டுப் பக்கமோ எடுத்த படங்களில் பச்சையைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. சாச்சுரேஷனைக் கூட்டினால் கால்மாட்டில் இருக்கும் பயிரும் அரை மைல் தள்ளி இருக்கும் பயிரும் ஒரே பச்சையாகிவிடும். மொத்தப் பச்சையையும் முதலில் −10 அளவு குறையுங்கள். பிறகு முன்னால் இருக்கும் பயிருக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சளும் கொஞ்சம் நிறமும் திருப்பிக் கொடுங்கள். மொத்த நிறத்தைக் கூட்டாமலே முன்னிலம் முன்னுக்கு வருவதைப் பார்ப்பீர்கள்.

வானத்தை இருட்டாக்குவதில் இரண்டு பிழை நடக்கிறது. ஒன்று, மேலிருந்து கீழாக இழுக்கும் லீனியர் கிரேடியன்ட் நேர்கோட்டில் இறங்குவதால் பனையின் தலையையும் சேர்த்துக் கறுப்பாக்கும், மரம் பாதி வெயிலிலும் பாதி இரவிலும் நிற்கும். செயலியில் வானத்தை மட்டும் தெரிவுசெய்யும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் மரத்தின் மேல் தூரிகையால் அழித்துவிடுங்கள். மற்றது இதைவிட மோசம். வானம் உச்சியில்தான் அடர்ந்திருக்கும், தொடுவானத்தை நெருங்க நெருங்க வெளிறும். தானாக வானத்தைப் பிடிக்கும் கருவியால் முழு வானத்தையும் ஒரே அளவு இருட்டாக்கினால் அந்த இறக்கம் சில நேரம் செத்துப்போகும், படத்துக்கு மேல் ஒரு மூடி போட்டது போல இருக்கும். அடிவானம் வெளிச்சமாகவே இருக்கட்டும். இன்னும் ஒரு சங்கதி, ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் உண்டு, கமரா பதப்படுத்தாமல் தரும் 14 பிட் ரோ கோப்பில் 16,384. மேகமில்லாத நீல வானத்தை ஜேபெக்கில் வைத்து அளவுக்கு மிஞ்சி இழுத்தால் பட்டை பட்டையாகப் பிரியும், அதைப் பிறகு சரிக்கட்டுவது பெரிய பாடு. வானம் அதிகம் உள்ள படங்களுக்கு ரோவில் எடுப்பது நல்லது.

சரி, எல்லாவற்றையும் செய்யாதே என்றால் எதைச் செய்வது? குளக்கட்டிலிருந்து எடுத்த சாதாரணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம், முன்னால் அலைகரைக் கற்கள், நடுவில் தண்ணீரும் அதில் நிற்கும் பட்டமரமும், பின்னால் காட்டுக் கோடு. லைட்ரூமில் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தெரிவுசெய்வது) போட முடிந்தால் மூன்று பட்டைகளாகப் பிரியுங்கள். காட்டுப் பட்டைக்கு கான்ட்ராஸ்ட் −15, சாச்சுரேஷன் −10, கறுப்பைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள், வெயிலுக்கு ஏற்றபடி நிறத்தைத் துளி குளிரவோ சூடாகவோ விடுங்கள். கற்களுக்கு டெக்ஸ்சர் +15, கறுப்பை −10 இறக்குங்கள், வெளிச்சத்தையும் கால் ஸ்டொப் அளவுக்கு (எக்ஸ்போஷர் −0.25) குறைக்கலாம். நடுவில் கை வைக்க வேண்டாம், பட்டமரத்தில் வெயில் படும் பக்கத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் போதும். ஸ்னாப்சீட் மட்டும் வைத்திருப்பவர்களும் இதைச் செய்யலாம், செலக்டிவ் கருவியில் ஒரு புள்ளி வைத்து இரண்டு விரலால் அதன் பரப்பைச் சுருக்கியோ விரித்தோ அந்த இடத்துக்கு மட்டும் கான்ட்ராஸ்டையும் நிறத்தையும் மாற்றலாம், பிரஷ் கருவிக்குள் தேவையான இடத்தை வெளிச்சமாக்கவும் இருட்டாக்கவும் டோட்ஜ் அண்ட் பேர்னும் இருக்கிறது. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒவ்வொரு படத்துக்கும் மாறும். எந்தப் பட்டையை எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

கூர்மையாக்குவதும் அப்படித்தான், முன்னிலத்துக்கு மட்டும். வானத்தையும் தண்ணீரையும் கூர்மையாக்கினால் மிஞ்சுவது குறுணிப் புள்ளிகள்தான்.

வினெட் பற்றி ஒரு வரி: நாலு மூலையையும் வட்டமாக இருட்டாக்காதீர்கள், நம் படங்களில் மேல் மூலை இரண்டும் வெறும் வானம், அழுக்குப் பிடித்த மாதிரித் தெரியும், கீழ் விளிம்பை மட்டும் இருட்டாக்குங்கள்.

வெட்டும்போது கவனம் தேவை. முன்னால் இருக்கும் சேறு, புல், உடைந்த வரப்பு எல்லாம் அசிங்கம் என்று கீழ்ப்பக்கத்தை வெட்டிவிட்டு அகலப் படமாக்குகிறார்கள், அத்தோடு கண் உள்ளே நுழையும் வாசலும் போய்விடுகிறது. வாய்க்கால், மாட்டுத் தடம், வட்டுவாகல் பாலத்தின் விளிம்பு, எது கீழ் மூலையிலிருந்து உள்ளே ஓடுகிறதோ அதை விட்டுவைத்து, தேவையென்றால் மேலே வானத்தை வெட்டுங்கள். தண்ணீர்க் கோடு சரிந்திருந்தால் நேராக்குவது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரே தட்டில் போடும் ஆயத்தத் திருத்தங்களான பிரிசெட்டுகள் மீது எனக்குப் பெரிய மரியாதை இல்லை. எங்கோ பனிமலை நாட்டில் எடுத்த படங்களுக்காகச் செய்ததை இங்கே சம்பா வயலில் போட்டால் செம்மண் இளஞ்சிவப்பாகும், பனை நீலமாகும். வானத்தை மாற்றுவது அதற்கும் ஒரு படி மேல், புது வானத்தில் சூரியன் இடப்பக்கம், வரப்பின் நிழலும் இடப்பக்கம், குளத்துக்குள்ளே பழைய வானம் இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். நந்திக்கடல் படங்களில் வேறொரு பழக்கத்தையும் பார்க்கிறேன். போர் முடிந்த 2009ஐ நினைத்தோ என்னவோ, அந்த இடம் என்றாலே நிறத்தை உறிஞ்சி, கறுப்பை ஏற்றி, மூலைகளை இருட்டாக்கிவிடுகிறார்கள். துக்கம் இருக்கிறவனுக்கு இருக்கும், அதில் நான் பேச ஒன்றுமில்லை. ஆனால் அந்த நீர் அகலமானது, ஆழமில்லாதது, வெளிச்சத்தை அப்படியே திருப்பித் தருவது. அந்த அகலத்தை இருட்டில் மூடிவிட்டால் அது எந்த ஊர்த் தண்ணீராகவும் இருக்கலாம்.

போனில் இருக்கும் பின்னணி மங்கலாக்கும் வசதியை நிலப்படத்தில் போடாதீர்கள். அது முகங்களுக்கு உரியது. பெரிய வெளியை அப்படி மங்கலாக்கினால் விளையாட்டுச் சாமான்களைக் கிட்ட வைத்து எடுத்த மாதிரி எல்லாம் சிறுத்துவிடும்.

முடிந்ததும் படத்தைக் கொஞ்ச நேரத்துக்குக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். முன், நடு, பின் மூன்றும் மூன்று வேறு சாம்பலாகத் தெரிந்தால் சரி, இரண்டு ஒன்றாகக் கலந்தால் எந்த இரண்டு என்று பார்த்து அங்கே மட்டும் திருத்துங்கள். மத்தியான வெயிலில் முற்றத்தில் இருந்து திரை வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து எடிட் செய்தால் அச்சுக்குப் போகும்போது படம் இருட்டாக வரும், ஆகவே வீட்டுக்குள் நடுத்தர வெளிச்சத்தில் செய்யுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும்போது முதலில் போவது தொடுவானத்தில் நீங்கள் கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய மெல்லிய சாம்பல்கள்தான், கட்டம் கட்டமாக உடைந்துவிடும். டொக்கியூமென்ட்டாக அனுப்புங்கள், ஸ்டூடியோவுக்குக் கொடுப்பதென்றால் பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் பக்கத்தில் தானியங்கித் திருத்தம் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.