தலைகீழ் மரை

மும்பை சோர் பஜாரில், துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவே ஸ்டான்லி நிறுவனத்தின் நான்காம் எண் இழைப்புளி ஒன்று கிடைத்தது. உளி சாய்ந்திருக்கும் மேடைக்குப் பின்னால் அழுக்கைத் தேய்த்துப் பார்த்தேன். மூன்று காப்புரிமைத் தேதிகள். கடைசித் தேதி 1910. அப்படியானால் உடல் ஏறக்குறைய 1910-க்கும் 1918-க்கும் இடைப்பட்டது. ஆனால் உளியை அழுத்தும் மூடியின் துளை சிறுநீரக வடிவில் இருந்தது. ஸ்டான்லி அந்த வடிவத்துக்கு மாறியது 1933 வாக்கில்தான். ஒட்டுப்போட்ட உருப்படி! பேரம் பேச அது போதும்.

தாராவிக்கு வந்தபின்தான் தொல்லை. உளி இறங்கும் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தளை நட் அசையவே இல்லை. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, வழக்கம்போல் இடப்பக்கமாகத் திருகினேன். இன்னும் இறுகியது. கீழ்வீட்டு ஆசாரி எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, இதற்குத் தலைகீழ் மரை. வலப்பக்கம் திருப்பு."

திருப்பினேன், கழன்றது. எனக்குத்தான் வெட்கம்.

பிறகும் இழைக்கும்போது மரச்சீவல் அடைத்தது. உளிமேல் படியும் தகட்டின் விளிம்பு மேடுபள்ளமாக இருந்ததால் இடுக்கில் சீவல் புகுந்துகொண்டது. சாணைக்கல்லில் அதைச் சமமாகத் தேய்த்து, உளி நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தள்ளிப் பூட்டினேன். தேக்கில் சீவல் சுருள் சுருளாக வந்தது.